பழைய காருக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும்!

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்றால் தாய் என்ன செய்கிறாள்? முதலில் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள். சந்தேகம் வந்தால் வெப்பமானியை எடுத்து அக்குளில் வைக்கிறாள். எவ்வளவு காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் கஞ்சி கொடுப்பதா, வைத்தியரிடம் ஓடுவதா என்று முடிவு செய்கிறாள். அளவு தெரியாமல் செய்யும் வைத்தியம் ஆபத்தானது என்பது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம்.

அதே வீட்டு முற்றத்தில் நிற்கிறது ஒரு பழைய மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின் கார். குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடுகிறது. அதற்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும்? பொனற்றின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும்போதுதான் தெரியும். அப்போது நோய் முற்றிவிட்டிருக்கும்!

"இது ஆண்கள் சமாசாரம், எங்களுக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நடு வழியில் கார் நின்றால் கைக்குழந்தையுடன் தெருவில் நிற்பது நீங்கள்தான். இயந்திரம் வெடித்துப் போனால், மகளின் நகைக்கென்று சேர்த்த பணம் கராஜுக்குப் போவதையும் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியவர் நீங்கள்தான். இன்று நம் பெண்களில் எத்தனையோ பேர் தாங்களே வண்டியும் ஓட்டுகிறார்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அச்சுவேலியும் பழைய கார்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமம் கிழக்கைச் சேர்ந்த ஊர் அச்சுவேலி. யாழ்ப்பாண நகரிலிருந்து கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாகப் பருத்தித்துறைக்குப் போகும் பாதையை ஒட்டியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மறுபக்கம் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு மந்திகைக்குப் போவதென்றால் வல்லை வெளியைக் கடக்க வேண்டும். அந்த வெளியில் வீடு வாசல் கிடையாது. உப்புக் காற்றும் கடனீரேரியும்தான். பிரசவ வலியெடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும் கார் அந்த வெளியில் கொதித்து நின்றால், அந்தக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

குடாநாட்டில் பழைய ஆங்கிலக் கார்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணம் வெறும் ஆசை மட்டுமல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் கிடைக்கவில்லை. புதிய கார்கள் முடங்கிப் போயின. ஆனால், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்கள் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. ஒரு சிறு அளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. எரியாத மிச்சம் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைக் கெடுத்துவிடும். ஆகவே, 'இயந்திரம் இப்போது எவ்வளவு சூடு?' என்ற கேள்வி அன்றைய ஓட்டுநர்களுக்கு அன்றாடக் கேள்வியாயிருந்தது.

அந்த ஆண்டுகளை நம் சமூகமும் மறக்க முடியாது. 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வீட்டையும் கடையையும் வாகனத்தையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெருவெள்ளமாக இடம்பெயர்ந்தார்கள். ஓடக்கூடிய ஒரு வண்டி வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. ஆனாலும் 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையோ விண்ணை முட்டுகிறது. இருக்கிற பழைய காரைக் கண்ணைப்போலக் காப்பதே புத்திசாலித்தனம் என்று பலர் உணர்ந்திருக்கிறார்கள்.

கேத்தில் சொல்லும் பாடம்

இயந்திரத்துக்குள் எரிபொருள் எரிகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத்தான் சக்கரத்தை உருட்டப் பயன்படுத்த முடியும். மிகுதியில் ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீர் அள்ளிக்கொண்டு ரேடியேற்றருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறித் திரும்புகிறது. இந்தச் சுற்று தடைப்பட்டால் கொதிப்புத்தான்.

தடை எங்கிருந்து வருகிறது? உங்கள் சமையலறையிலேயே பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனுள் தேங்கி நிற்கும் நீரே கிணற்று நீர். ஆகவே அது கடினமான நீர். அச்சுவேலிக்கு அருகில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு பெயர் பெற்றது. அதில் மேல் மட்டத்து நீர் நன்னீர், ஆழத்தில் இருப்பது உப்பு நீர். இந்த மண்ணின் நீர் எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை படிகிறதல்லவா? படை தடித்த கேத்திலில் தண்ணீர் கொதிக்க நேரமெடுக்கும். சுண்ணாம்புப் படை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே காரணம். கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி ஆண்டுக்கணக்காக ஊற்றிய தண்ணீர், ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் இதே படையைத்தான் ஏற்படுத்துகிறது. குழாய் அடைகிறது. வெப்பம் வெளியேற வழியில்லை. ஒரு நாள் ஏற்றமான பாதையில், உச்சி வெயிலில், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது பொங்குகிறது!

கொதிப்பின் விலை என்ன? முதலில் சிலிண்டர் ஹெட்டின் கீழுள்ள கஸ்கட் எரியும். அதையும் மீறி ஓட்டினால் ஹெட் வளையும், வெடிக்கும். ஐந்து நிமிடம் முன்னே நிறுத்தியிருந்தால் ஒரு வாளி தண்ணீரோடு போயிருக்கும். நிறுத்தாததால் இயந்திரத்தையே பிரிக்க வேண்டி வருகிறது. அந்த ஐந்து நிமிட முன்னறிவிப்பைத் தருவதுதான் வெப்பமானி. கராஜ்களில் 'ரெம்பரேச்சர் மீற்றர்' என்பார்கள்.

மொறிஸ் மைனரில் இது ஏன் இல்லை?

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டனில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் சாதாரண மக்களுக்கான கார் என்பதால் தட்டில் வேகமானி, பெற்றோல் மானி, சில எச்சரிக்கை விளக்குகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீற்றர் வழக்கமாகப் பொருத்தப்படவில்லை. குளிர் நாட்டில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் கார் ஓட்டும் நமக்கு அது பெருங்குறை.

இந்தக் குறையை நாமே நிவர்த்தி செய்துகொள்ளலாம். இதற்கென்று பல நாடுகளில் மீற்றர்கள் செய்து விற்கிறார்கள். மின்சாரத்தில் இயங்குவது ஒரு வகை. மின்சாரமே வேண்டாதது இன்னொரு வகை. பழைய காருக்கு இரண்டாவது வகையைப் பலர் விரும்புகிறார்கள். பற்றரி பலவீனமாயிருந்தாலும், வயர் அறுந்திருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

எப்படி வேலை செய்கிறது?

இதன் ஒரு முனையில் சிறு உலோகக் குமிழ். அதற்குள் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். குமிழிலிருந்து நூல்போல மெல்லிய செப்புக் குழாய் ஒன்று மீற்றர் வரை போகிறது. மீற்றருக்குள் அரைவட்டமாக வளைந்த தட்டையான குழாய் இருக்கிறது.

குமிழைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடானதும் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் மெல்லிய குழாய் வழியே மீற்றருக்குப் போய் வளைந்த குழாயை நிமிர்த்தப் பார்க்கிறது. குழந்தைகள் திருவிழாக்களில் ஊதி விளையாடும் சுருள் கடுதாசி ஊதல் நிமிர்கிறதே, அதே கதைதான்! நிமிரும்போது முள் நகர்கிறது. இந்த வளைகுழாயை 1849இல் பதிவு செய்தவர் யூஜின் பூர்டோன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். நீராவி இயந்திரங்களின் அழுத்தத்தை அளக்க உதவிய அதே தத்துவம் இன்று உங்கள் காரிலும் வேலை செய்கிறது.

ஆகவே ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மெல்லிய குழாயை வெட்டவோ, நீளத்தைக் குறைக்கவோ முடியாது. ஒரு சிறு கீறல் விழுந்தாலும் உள்ளிருப்பது வெளியேறிவிடும். அதோடு மீற்றரின் ஆயுள் முடிந்தது!

அடுப்படியில் ஒரு சோதனை

மீற்றரை வாங்கி வந்ததும் நேரே காரில் மாட்ட வேண்டாம். முதல் சோதனை உங்கள் அடுப்பில்தான். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நன்றாகக் கொதிக்கும்போது குமிழை மட்டும், பாத்திரத்தின் அடியைத் தொடாமல், தண்ணீரில் பிடியுங்கள். கை சுடாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் இருக்கும் நம் ஊர்களில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். பழைய மீற்றர்களில் பரனைற் கணக்கு இருந்தால் முள் 212இல் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு பாகை வேறுபாடு பரவாயில்லை. பத்துப் பாகை தவறினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தாமல் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது நல்லது.

பொருத்தும் முறை

இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே பலருக்கு ஏற்றது. ஆனாலும் முறை தெரிந்திருந்தால், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

1. இயந்திரம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பற்றரியின் தொடர்பைக் கழற்றி வைக்க வேண்டும். பழைய மொறிஸ் மைனர்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இது இக்காலக் கார்களுக்கு நேர் எதிர். மீற்றருக்கு மின்சாரம் தேவையில்லையாதலால் இதனால் தொல்லை இல்லை. ஆயினும் டாஷ்போர்டுக்குப் பின்னால் கை வைக்கும்போது கவனம் வேண்டும்.

2. ரேடியேற்றரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, தண்ணீரை சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே வரும் வரை வடிக்க வேண்டும்.

3. குமிழுக்கு இடம் தேட வேண்டும். மைனர் 1000 காரில் உள்ள வகை இயந்திரம், அக்காலத்துச் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட்டிலும் இருந்தது. அந்தக் காரில் இத்தகைய மீற்றரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினார்கள். அதனால் மைனரின் ஹெட்டிலும் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே ஒரு திருகாணி அடைத்த துளையைப் பல கார்களில் காணலாம். அதைக் கழற்றினால் குமிழுக்கு இடம் தயார். துளையிடப்படாத ஹெட்டுகளும் உண்டு. அப்படியானால் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் திருகு வாயுள்ள ஒரு இணைப்புத் துண்டைக் கிளிப் போட்டு இறுக்கலாம்.

4. குமிழின் மரை துளையின் மரைக்குப் பொருந்துகிறதா என்று விரலால் திருகிப் பார்க்க வேண்டும். ஆங்கில மரை வேறு, மெட்ரிக் மரை வேறு. ஸ்பானரால் வலிந்து இறுக்கினால் ஹெட்டின் மரை அழிந்துவிடும்.

5. மெல்லிய குழாய் உள்ளிருந்து இயந்திர அறைக்கு வரும் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டு விளிம்பு குழாயை அறுத்துவிடும். குமிழும் நட்டும் நுழையும் அளவு துளை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. நட்டை இறுக்கும்போது குழாய் சேர்ந்து முறுகாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயைப் புகைக்குழாய்ப் பக்கமோ, விசிறிப் பக்கமோ, அக்சிலேற்றர் கம்பி அசையும் இடத்திலோ கொண்டுபோகக் கூடாது. மிச்சமுள்ள நீளத்தைத் தேநீர்க் கோப்பையின் வாயளவில் இரண்டு மூன்று வளையமாகச் சுற்றிக் கட்டிவிடலாம். இயந்திரத்தின் அதிர்வை அந்த வளையங்கள் தாங்கிக்கொள்ளும்.

7. டாஷ்போர்டை வெட்டாதீர்கள். பழைய காரின் மதிப்பே அதன் பழைமையில்தான். கீழ்ப்பக்கம் ஒரு சிறு தகட்டில் மீற்றரைத் தொங்கவிட்டாலே போதும்.

8. தண்ணீர் நிரப்பி, இயந்திரத்தை ஓடவிட்டு, கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறியதும் தண்ணீர் மட்டம் இறங்கும். ஆறிய பிறகு மீண்டும் நிரப்ப வேண்டும்.

முள் என்ன சொல்கிறது?

முதல் சில நாள்கள் முள் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில், நடுப்பகலில், ஏ.ஸி. இல்லாத காரில் நெரிசலில் நிற்கும்போது எவ்வளவு என்று தெரிய வேண்டும். வெப்ப நாடுகளுக்கு 74 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட்டையும், பொதுவாக 82 பாகையில் திறப்பதையும் பழைய ஆங்கிலக் கார்களுக்குப் போடுவார்கள். ஆகவே சாதாரண ஓட்டத்தில் முள் 75க்கும் 90க்கும் இடையில் நிற்பது இயல்பு. 95ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எச்சரிக்கை. 100ஐ நெருங்கினால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். ரேடியேற்றரின் அழுத்த மூடி கொதிநிலையைச் சற்று உயர்த்தித் தருவது உண்மைதான். ஆனால் அறுபது வருடப் பழைய மூடியை நம்பி ஓட்டக் கூடாது.

முள் மேலே ஏறுவது மட்டும் ஆபத்தல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கீழே விழுந்தாலும் ஆபத்துத்தான்! தண்ணீர் வெளியேறிக் குமிழ் வெறுங்காற்றில் தொங்கினால் மீற்றர் குறைவாகக் காட்டும். "அப்பாடா, ஆறிவிட்டது" என்று ஓட்டினால் இயந்திரம் போய்விடும். முள்ளின் வழக்கம் மாறினால், எந்தப் பக்கம் மாறினாலும், நிறுத்திப் பார்ப்பதே பாதுகாப்பு.

கொதித்துவிட்டால்...

இயந்திரத்தை நிறுத்துங்கள். பிள்ளைகளைத் தூர நிற்கச் செய்யுங்கள். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பாய்ந்து கண்ணையே கெடுத்துவிடும். அரை மணி நேரமாவது ஆற வேண்டும். பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைச் சிறிது மட்டும் திருப்பி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். சூடான இயந்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும்.

யாருக்காவது சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் பூசாதீர்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பிறகு காரணத்தைத் தேட வேண்டும். விசிறிப் பட்டி தளர்ந்திருக்கிறதா? ஹோஸ் வெடித்திருக்கிறதா? ரேடியேற்றரின் முன்பக்கம் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கிறதா? எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். அந்தக் காரை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஐப்பசி, கார்த்திகை மாரியில் வானம் தரும் மழைநீரை விடச் சிறந்த நீர் ரேடியேற்றருக்கு இல்லை. அதில் சுண்ணாம்பு கிடையாது. கூரை கழுவிய பிறகு வரும் நீரைத் துணியால் வடித்துப் போத்தல்களில் சேமித்து வையுங்கள். அதில் கடையில் விற்கும் கூலன்ற் கலந்து ஊற்றினால் துருவும் பிடிக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கூலன்ற் இனிப்பாயிருக்கும், ஆனால் கொடிய நஞ்சு. பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பழைய சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

வாரத்துக்கு ஒரு முறை, காலையில் கார் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது வீட்டில் ஒருவர் பொறுப்பாகட்டும். காரில் ஏறியதும் முள்ளைப் பார்ப்பது எல்லோருடைய பழக்கமும் ஆகட்டும். ஓட்டுபவர் பாதையைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவர் ஒரு கண்ணை முள்ளில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மீற்றர் இயந்திரத்தைக் குளிர்விக்காது. வெப்பமானி காய்ச்சலைக் குணப்படுத்தாததைப்போல, அதுவும் உள்ளதை உள்ளபடி சொல்வதோடு நிற்கும். அதைக் கேட்டு, உரிய நேரத்தில் வண்டியை ஓரங்கட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.